மூன்று விளக்குகளும் ஒரு சாக்பீஸும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது என்று என் மனைவி சொல்வாள். இருபது வருஷமாகச் சொல்கிறாள். இருபது வருஷமாக, அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வருகிறது. மற்றபடி நான் சாதுவான மனிதன்தான். வண்டி விஷயத்தில் மட்டும் என்னிடம் யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது.

வண்டி என்றால் என் பழைய பிக்கப். வேறொருவர் எட்டு வருஷம் ஓட்டிக் கழித்ததை வாங்கி, அதன் பிறகு ஆறு வருஷம் நான் ஓட்டியிருக்கிறேன். ஒரு பக்கக் கதவைச் சாத்தினால் கிண்ணென்று சத்தம் வரும், மறுபக்கம் தொப்பென்று வரும். அதன் வேலை ஒன்றுதான். திருவொற்றியூரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் என் மனைவியும் அவளோடு இரண்டு பெண்களும் விடியும் முன்பே அடுப்பைப் பற்றவைத்து மதியச் சாப்பாடு சமைப்பார்கள். சோறு, சாம்பார், பொரியல், புதன்கிழமையானால் மீன் குழம்பு. பதினோரு மணிக்கு அதையெல்லாம் ஏற்றிக்கொண்டு எண்ணூர்ப் பக்கம் இருக்கும் ஒரு தொழிற்சாலைக்குப் போவேன். அங்கே ஒப்பந்தத் தொழிலாளர்கள் தட்டோடு காத்திருப்பார்கள். அந்த ஒரு ஆர்டரில்தான் மூன்று குடும்பத்துப் பிழைப்பும் ஓடியது.

சாம்பார் அண்டாவுக்கு இரண்டு காது. ஒரு காது எனக்கு, ஒரு காது என் மச்சானுக்கு. மச்சான் என் மனைவியின் தம்பி, நெட்டுக்குப்பத்தில் இருக்கிறான். விடியலில் கடலுக்குப் போய் வந்து, குளித்து, சலவைச் சட்டை மாட்டிக்கொண்டு தொழிற்சாலை கேட்டில் எனக்காக நிற்பான். நான்கு வருஷம் இருவரும் சேர்ந்து அந்த அண்டாவை இறக்கியிருக்கிறோம். ஒருத்தன் அவசரப்பட்டால் இன்னொருத்தன் கால் வெந்துபோகும். எங்களுக்கு ஒரு நாளும் வெந்ததில்லை.

போன வருஷம் மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் அந்த விளக்குகள் எரிய ஆரம்பித்தன. மஞ்சளில் ஒரு எஞ்சின் படம், வட்டத்துக்குள் ஏ.பி.எஸ். என்ற எழுத்து, சிவப்பில் ஒரு பேட்டரி படம். சாவியைப் போட்டதும் டேஷ்போர்டில் எல்லா விளக்கும் ஒரு முறை எரிந்து, வண்டி கிளம்பியதும் அணைந்துவிட வேண்டும். இவை மூன்றும் ஒழுங்காக அணைந்துவிட்டு, பாதி வழியில் மறுபடி எரிந்தன. சில நாள் தேரடி தாண்டியதும், சில நாள் எர்ணாவூர் பாலத்தில். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே அணையும். வண்டி ஓட்டத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அதாவது, தெரிந்துவிட்டதாக நினைத்தேன். அதற்கு முந்தின வாரம்தான் மச்சான் வண்டியை ஒரு நாள் சாப்பாடு இறக்கிய பிறகு கேட்டு வாங்கிப் போயிருந்தான். காசிமேட்டில் இருந்து வலையும் படகு எஞ்சினும் நெட்டுக்குப்பத்துக்கு ஏற்றிப் போக வேண்டும் என்றான். ஈர வலை, உப்புத் தண்ணீர். வேறென்ன வேண்டும்? என் மனைவியும் அந்த இரண்டு பெண்களும் இருக்கும்போதே அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"வண்டில உப்புத்தண்ணி ஊத்திகினு வந்து குட்துட்டியே, ஒயரிங் எல்லாம் அரிச்சுப் போச்சு."

"கழுவிட்டுதான் மாமா குட்தேன்."

"கழுவுன லட்சணந்தான் டேஷ்போர்டுல எரிஞ்சிகினு கீதே!"

அவன் தன்னிடம் இருந்த மாற்றுச் சாவியை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போனான். மறுநாள் கேட்டில் அவன் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. வாட்ச்மேனையும் கேன்டீன்காரர்களையும் கெஞ்சிக் கூத்தாடி அண்டாவை இறக்கினேன். இரண்டு முறை கால் வெந்தது. என் மனைவி எண்ணெய் தடவிவிட்டாள்.

இடையில் மூன்று மெக்கானிக்குகளைப் பார்த்தேன். மூன்று பேரிடமும் உப்புத் தண்ணீர் கதையை முதலில் சொன்னேன். முதல் ஆள் ஸ்டியரிங்குக்கு அடியில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்து, சக்கரத்தில் இருக்கும் சென்சார் உப்பில் போய்விட்டது என்று மாற்றினார். நான்கு நாள் எரியவில்லை, ஐந்தாம் நாள் எரிந்தது. இரண்டாவது ஆள் பேட்டரியை மாற்றினார். ஒரு வாரம். மூன்றாவது ஆள் பானெட்டைத் திறக்கவே இல்லை. அவர் சொன்ன வைத்தியமே வேறு.

"மூணு லைட்டையும் ஆயில் லைட் ஒயர்ல சேத்து உட்டுடறேன் சார். சாவி போட்டா எரியும், ஸ்டார்ட் பண்ணா அணைஞ்சிடும். எவனாலயும் கண்டுபுடிக்க முடியாது."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். நிஜமாகவே யோசித்தேன், அதை ஒப்புக்கொள்கிறேன்.

யோசிக்க வைத்தது தொழிற்சாலை. உள்ளே எண்ணெய்த் தொட்டிகள் இருப்பதால் வண்டிகளைப் பார்த்துத்தான் விடுவார்கள். புதிதாக வந்த சேஃப்டி அதிகாரி திங்கட்கிழமைதோறும் ஒவ்வொரு வண்டியையும் ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஒரு நிமிஷம் டேஷ்போர்டையே பார்ப்பார். ஒரு திங்கட்கிழமை அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்று விளக்கும் எரிந்தன. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் மரியாதையாகப் பேசினார்.

"இன்னிக்கு விடறேன். அடுத்த திங்கக்கிழமையும் இது எரிஞ்சா வண்டி உள்ள வராது. சாப்பாட்டுக்கு நாங்க வேற ஆள் பாத்துக்கறோம்."

வேறு வண்டி எடுத்துக்கொண்டு போகவும் வழியில்லை. கேட் பாஸ் அந்த வண்டி நம்பருக்குத்தான். புதிய பாஸ் வாங்க ஒரு மாதமாகும். அதுவரை தொழிலாளர்கள் பட்டினி கிடப்பார்களா? வேறு யாராவது சமைத்துப் போடுவார்கள், பிறகு அவர்களே போடுவார்கள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற லாரி டிரைவர்தான் இறங்கி வந்து சொன்னார்.

"தண்டையார்பேட்டையில ஒரு அக்கா கீது. ஒயரிங் வேலை. அந்தாண்ட எட்துகினு போ நைனா. பேஜாரு வேணாம்."

கிடங்குகள் நெருக்கமாக நிற்கும் ஒரு சந்தில் அந்தக் கடை இருந்தது. ஒற்றை ஷட்டர் அறை, பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் லாரியில் இருந்து கழற்றிய ஒரு பழைய சீட், வாடிக்கையாளர் உட்கார. என் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. சுடிதாருக்கு மேல் காக்கிச் சட்டை, கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வீடு. பத்து வருஷம் மோட்டார் காயில் சுற்றும் வேலை செய்துவிட்டு, பிறகு வண்டி ஒயரிங்குக்கு வந்தவர். அதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், வண்டியை நிறுத்தி அரை மணி நேரமாகியும் இந்தம்மா பானெட்டைத் திறக்கவில்லை என்பதுதான்.

வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். பின்னால் போய் டோரைத் திறந்து மூடினார். குனிந்து எதையோ விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு என் முன்னால் வந்து நின்றார்.

"மூணு வெளக்கும் ஒண்ணா எரியுதாணா, ஒண்ணு பின்னாடி ஒண்ணா எரியுதா?"

"எரியுதும்மா. அவ்ளோதான் தெரியும்."

"எப்பத்திலேர்ந்து?"

நான் ஆரம்பித்தேன். மச்சான், வலை, படகு எஞ்சின், உப்புத் தண்ணீர், கழுவாமல் கொடுத்தது, எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார்.

"நீ சொன்னது காரணம்ணா. நான் கேட்டது நேரம்," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் அதைக் கண்டுகொள்ளாமல் உள்ளே போய் ஒரு சாக்பீஸைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"டிரைவர் கதவு உள்பக்கமா எழுது. வெளக்கு எரியும்போது உன் கை இன்னா பண்ணிச்சு, கால் இன்னா பண்ணிச்சு, மழையா, வெயிலா, மேடா, பள்ளமா. அணையும்போதும் எழுது. வண்டிய ஓரங்கட்டிட்டு எழுதணும், ஓட்டிகினே எழுதாத. நாளைக்கும் நாளன்னிக்கும் எழுதிட்டு சனிக்கெழம வா."

அன்றைக்கே புதன்கிழமை. எனக்கு இருந்ததே ஐந்து நாள். அதில் இரண்டு நாளை வீட்டுப்பாடம் எழுதக் கொடுத்துவிட்டார். வீட்டுக்குப் போய்க் குதித்தேன். காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால் ஊசி போடாமல் சிலேட்டைக் கொடுத்து அனுப்புவாரா என்று கேட்டேன். என் மனைவி பருப்பைக் களைந்துகொண்டே சொன்னாள்: "எழுதேன்யா. எழுத்துதான் தெரியும் இல்ல."

எழுதினேன். கோபத்தோடு எழுதியதால் எழுத்து பெரிது பெரிதாக விழுந்தது. வியாழக்கிழமை கன்டெய்னர் லாரிகள் போய்ப் போய்க் குழியான இடத்தில் வண்டி தூக்கிப் போட்டது, விளக்கு எரியவில்லை. எழுதினேன். சாலையோரம் தேங்கிய தண்ணீரில் இறங்கி அடிப்பாகம் முழுக்க நனைந்தது, எரியவில்லை. எழுதினேன். தேரடி சிக்னலில் ஏ.சி. ஃபேன் ஓடிக்கொண்டிருக்க பிரேக்கை மிதித்து நின்றேன், மூன்றும் எரிந்தன. வேர்த்துக் கொட்டினாலும் பரவாயில்லை என்று ஃபேனை நிறுத்தினேன், கொஞ்ச நேரத்தில் அணைந்தன. வெள்ளிக்கிழமை மழை. ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டு பிரேக்கை மிதித்தேன், மூன்று விளக்கும் எரிந்தன. மழை விட்டு எல்லாவற்றையும் நிறுத்தியதும், வண்டி சொட்டச் சொட்ட நனைந்திருந்தும் அணைந்தன. கதவின் உள்பக்கம் மேலிருந்து கீழ்வரை நிரம்பிவிட்டது. அத்தனையையும் எழுதிய எனக்கு அதில் ஒன்றுமே விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை பயம் பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை வரை காத்திருக்க முடியாமல் தண்டையார்பேட்டைக்கு ஓடினேன். அவர் துறைமுக டிரெய்லர் ஒன்றின் பின்விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். ஆயில் லைட்டோடு சேர்த்து விடுவார்களாமே, அதைச் செய்துவிடுங்கள், திங்கட்கிழமை தாண்டட்டும், பிறகு நிதானமாகப் பார்க்கலாம் என்றேன்.

அவர் கையில் இருந்த கட்டரைக் கீழே வைத்தார். அவருக்கும் கோபம் வரும் என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

"அணைக்கறது அஞ்சு நிமிஷ வேலை. நாளைக்கு நெசமாவே பிரேக்கு கோளாறுன்னா எந்த வெளக்கு வந்து உனக்கு சொல்லும்? கொதிக்கற சாம்பார எட்துகினு எண்ணெய்த் தொட்டியாண்ட போற ஆளு நீ. அந்த வேலைக்கு வேற கடை கீது. அங்க போ."

போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் இரண்டு மாதத்தில் என் வண்டியைப் பற்றி என்னைவிட அதிகமாகக் கவலைப்பட்டவர் அவர் ஒருவர்தான் என்று தோன்றியது. காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை அவர் முதலில் படித்தது கதவைத்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். என் எழுத்தை யாரும் அவ்வளவு கவனமாகப் படித்து நான் பார்த்ததில்லை. ஃபேன், ஹெட்லைட், வைப்பர், பிரேக் என்ற வார்த்தைகளை மட்டும் வட்டமிட்டார்.

"பள்ளத்துல எரில. அப்ப ஒயர் லூஸ் இல்ல. தண்ணில ஊறியும் அணைஞ்சிகீது. அப்ப ஈரமும் இல்ல, உப்பும் இல்ல. நீ எத்தயாவது போட்டா எரியுது, நிறுத்துனா அணையுது. வெளக்குக்கு ஒரு கன்ட்ரோல் பொட்டி கீது, மூணு பொட்டி ஒரே நேரத்துல கெட்டுப்போவாதுணா. மூணுத்துக்கும் பொதுவா எது கீதோ, கோளாறு அங்க கீது."

பிறகு, நான் சாப்பாடு போடுகிறவன் என்பதால் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். பேட்டரியில் இருந்து போகும் கரண்டு, வேலையை முடித்துவிட்டு வண்டியின் இரும்பு உடம்பு வழியாகப் பேட்டரிக்கே திரும்ப வேண்டும். கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு எழுந்தவர்கள் வெளியே போகிற வாசலில் யாரோ நாற்காலியைப் போட்டு வைத்திருக்கிறார்கள். பத்து பேர் சாப்பிட்டால் இடித்துக்கொண்டு போய்விடுவார்கள். நூறு பேர் எழுந்தால் உள்ளேயே நெரிசல். அந்த நெரிசலைத்தான் மூன்று பெட்டிகளும் மூன்று விளக்காகச் சொல்கின்றன.

அதன் பிறகுதான் பானெட்டைத் திறந்தார். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ்விலும் மறு முனையை எஞ்சினிலும் வைத்துக்கொண்டு என்னை செல்ஃப் அடிக்கச் சொன்னார். "இங்க சரியா கீது," என்றார். அடுத்து மறு முனையை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் இரும்பில் வைத்தார். ஃபேனைப் போடச் சொன்னார், ஹெட்லைட், வைப்பர், பிரேக். நான் ஒவ்வொன்றாகப் போடப் போட மீட்டரில் எண் ஏறிக்கொண்டே போனது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இங்க பூஜ்யத்தாண்ட நிக்கணும். எங்க நிக்குது பாரு."

ஒரு சிமெண்டுச் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போனார். டார்ச் வெளிச்சம் அங்குமிங்கும் நகர்ந்தது. பிறகு அடியில் இருந்தே கேட்டார்.

"அடில பெயிண்ட் யாருணா அடிச்சது? சூப்பரா கீது."

"நான்தாம்மா," என்றேன். அந்த நிலைமையிலும் பெருமையாகத்தான் இருந்தது.

எங்கள் பக்கம் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். கடல் காற்று இரும்பைத் தின்றுவிடும். அதனால் வருஷா வருஷம் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டும் முன் சேசிஸ் முழுக்கக் கறுப்பு பெயிண்ட் அடிப்போம். மற்றவர்கள் பெயிண்டரிடம் விடுவார்கள். நான் விடுவதில்லை. சாக்கை விரித்துப் படுத்து, பிரஷ் எட்டாத இடத்தில் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, நானே இரண்டு கோட் அடிப்பேன். அந்த வருஷம் இன்னும் ஒரு படி மேலே போயிருந்தேன். கரண்டு வண்டி உடம்பில் இருந்து பேட்டரிக்குத் திரும்பும் எர்த் ஒயர் சேசிஸில் ஒரு போல்ட்டில் மாட்டியிருக்கும். அந்த ஒயரின் வளையத்துக்கு அடியில் மட்டும் பெயிண்ட் படாத இரும்பு தெரிந்தது. அந்த ஓர் இடத்தை மட்டும் காற்றுக்குத் தின்னக் கொடுப்பானேன் என்று போல்ட்டைக் கழற்றி, அங்கேயும் இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காயவிட்டு, மறுபடி முடுக்கினேன். முடித்துவிட்டு எழுந்தபோது எனக்கு ஒரே திருப்தி.

"எர்த் போல்ட்ட கழட்டி அடிச்சியா?"

"ஆமா."

"எப்போ?"

விரல் விட்டு எண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை பெயிண்ட் அடித்தேன். புதன்கிழமை மச்சான் வண்டியைக் கேட்டான். அவன் கொண்டுபோய்க் கொண்டுவந்த வண்டியில் அந்தப் பெயிண்ட் ஏற்கெனவே இருந்தது. மூன்று மெக்கானிக்குகளிடமும் வலையைச் சொன்னேன். பெயிண்ட்டை ஒருவரிடமும் சொல்லவில்லை. மறைக்கவில்லை. அதை வண்டிக்கு நான் செய்த நல்லதாக நினைத்தேனே தவிர, வண்டிக்கு நடந்த ஒன்றாக நினைக்கவே இல்லை.

அவர் சாக்கில் இருந்து எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் கறுப்புத் தூசி. என்னைக் குத்திக்காட்ட அதைவிட நல்ல நேரம் அவருக்குக் கிடைத்திருக்காது. அவர் சொன்னது வேறு.

"வலை ஏத்துனாருன்னு சொன்னியே, அவரு வேலை தெரிஞ்ச ஆளுணா. மொத நாளே பாத்தேன். பின்னாடி டோர் கீலு, போல்ட்டு எல்லாத்துலயும் கிரீஸ் தடவிகிறாரு, உப்பு ஏறாம இருக்க. சாமான் ஏத்தற தொட்டில மூல மூலையா தேய்ச்சிக் கழுவிகிறாரு. ஒரு கல்லு உப்பு இல்ல."

அந்த கிரீஸை இரண்டு மாதமாகத் தினமும் தொட்டுத்தான் டோரைத் திறந்திருக்கிறேன். கையில் ஒட்டுகிறதே என்று திட்டிக்கூட இருக்கிறேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த லாரி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அவர் உப்புத்தாளை எடுத்து போல்ட்டைச் சுற்றி ஒரு ரூபாய் நாணய அளவுக்கு என் இரண்டு கோட்டையும் தேய்த்து எடுத்தார். வெள்ளி மாதிரி இரும்பு வந்தது. ஒயரின் வளையத்தையும் தேய்த்து, இறுக்கி முடுக்கி, அதற்கு மேல் கிரீஸ் பூசினார். "இரும்பும் இரும்பும் ஒட்டணும். அதுக்கு அப்பால மேல நீ எதை வேணா பூசிக்கோ," என்றார். இந்த வருஷமும் நான்தான் சேசிஸுக்குப் பெயிண்ட் அடித்தேன். அந்தப் போல்ட்டைக் கழற்றவில்லை.

மீட்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றது. நான் கும்பிட்டுவிட்டுக் கிளம்பப் பார்த்தேன். அவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"நான் கண்டுபுடிச்சிட்டேன்றதால சரியாப் பூட்சின்னு அர்த்தமா? எல்லாத்தையும் போட்டு ஓட்டு."

நல்ல வெயிலில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், ஹெட்லைட் எரிய, காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கிறீச் கிறீச்சென்று தேய்க்க, ஃபேன் முழு வேகத்தில் ஊத ஓட்டினேன். எதிரே வந்த ஆட்டோக்காரர்கள் எல்லாம் கையைக் குவித்துக் குவித்து லைட்டை அணைக்கச் சொன்னார்கள். ஒருவர், "இன்னா நைனா, உன் ஊர்ல மட்டும் மழையா?" என்று கத்திவிட்டுப் போனார். பக்கத்தில் இருந்தவர் டேஷ்போர்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. போய்த் திரும்பி, மறுபடி போய்த் திரும்பினோம். ஒரு விளக்கும் எரியவில்லை.

கடை வாசலில் இறங்கும்போது தானாகவே சொன்னார். "மொத நாளு நான் பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தற டைனமோ பூட்ச்சின்னுதான்ணா நெனச்சேன். உன் கதவப் படிச்சப்புறந்தான் அது இல்லன்னு தெரிஞ்சுது." சிரித்தார். தான் தவறாக நினைத்ததைச் சொல்லிச் சிரிக்கிற ஒரு வேலைக்காரரை அதற்கு முன் நான் கண்டதில்லை. பத்து வருஷம் காயில் சுற்றி, அதற்கப்புறமும் எத்தனையோ வண்டியின் ஒயரைப் பிரித்துப் பார்த்தவர் தன் முதல் நினைப்பை இரண்டு நாள் ஒத்திவைத்து, ஒரு சாக்பீஸைக் கொடுத்து விசாரித்திருக்கிறார். நான் என் முதல் நினைப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதனை வீட்டைவிட்டே அனுப்பியிருந்தேன். அந்தப் பெண்மணி மேல் எனக்கு ஏற்பட்ட மரியாதை வண்டி சரியானதால் வந்தது மட்டும் அல்ல.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "எங்கிட்ட சொல்லி இன்னா? அவனாண்ட போய் சொல்லு," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நெட்டுக்குப்பம் போனேன். அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகளுக்குக் கீழே, கழிமுகத்தின் ஓரம், மச்சான் படகு நிழலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தான். ஆனால் தைப்பதை நிறுத்தவில்லை. நான் உட்கார்ந்து, பெயிண்ட், போல்ட், மீட்டர், கிரீஸ் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். அந்தச் சொல்லைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, அதனால் இரண்டு முறை சொன்னேன்.

"கழுவிட்டேன்னு அன்னிக்கே சொன்னேனே மாமா."

"சொன்ன. நான் கேக்கல."

"இப்ப யாரு சொல்லி நம்புன?"

"மீட்டர் காட்டிச்சு."

அவன் ஊசியை வலையில் குத்தி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "நாலு வருஷம் ஒரே அண்டாவத் தூக்கிகிறோம். மீட்டர் வந்து சொன்னாதான் நம்புவியா?"

கேட்டுவிட்டு மறுபடி தைக்க ஆரம்பித்தான். நாளைக்கு வருகிறாயா என்று கேட்க வாய் வரவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்தான், குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

திங்கட்கிழமை கேட்டில் அவன் இல்லை. சேஃப்டி அதிகாரி ஜன்னல் வழியாகக் குனிந்தார். நான் சாவியைப் போட்டேன், எல்லா விளக்கும் எரிந்தன. ஸ்டார்ட் செய்தேன், எல்லாம் அணைந்தன. அவர் சொல்லும் முன்பே ஹெட்லைட், வைப்பர், ஃபேன் எல்லாவற்றையும் நானே போட்டு, பிரேக்கையும் மிதித்து வைத்துக்கொண்டேன். ஒரு நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத் தெரிந்தது. கதவின் உள்பக்கம் இருந்த சாக்பீஸ் எழுத்தை அவர் பார்த்தார். நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "போலாம்," என்றார். சத்தியமாக எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மனைவிக்கு போன் போட்டு, உள்ளே வந்துவிட்டேன் என்று சொன்னேன். அந்தப் பக்கம் மூன்று பெண்களும் சேர்ந்து கத்தியது கேட்டது.

கேன்டீன் பக்கம் வண்டியை நிறுத்திப் பின்னால் வந்தேன். வழக்கம்போல் யாரைக் கெஞ்சலாம் என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். கேட்டில் இருந்து ஒருவன் வேகமாக நடந்து வந்துகொண்டிருந்தான், சலவைச் சட்டை, ஈரத் தலை. "படகு லேட்டு மாமா," என்றான். தானே டோரைத் திறந்தான், அண்டாவை விளிம்புவரை இழுத்தான், ஒரு காதைப் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்து நின்றான்.

"அந்தப் பக்கம் புடி மாமா."

பிடித்தேன். சாம்பார் தளும்பவில்லை.